ஹோட்டல் கிச்சனிலிருந்து புதுச்சேரியில் சொந்த பிஸ்ட்ரோ வரை

தரமணியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் கமி த்ரீயாக, அதாவது சமையலறையின் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். வெங்காயம் உரி, இறால் சுத்தம் பண்ணு, ஸ்டாக்குக்கு, அதாவது எலும்புச் சாற்றுக்கு, எலும்பை வறு. இதுதான் வேலை. அங்கிருந்து படிப்படியாக டெமி, ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சிடிபி, கடைசியில் தலைமை செஃப்புக்கு அடுத்த இடமான சூ செஃப். எல்லோரும் ஏறுகிற ஏணிதான், சொல்ல அதிகமில்லை. சாஸ் பிரிவில் நின்ற காலம் மட்டும் வேறு. பெஷாமெல், வெலூத்தே போன்ற பிரெஞ்சு சாஸ்கள் எல்லாம் கைக்குப் பழகிய பிறகுதான், நம் வீட்டுக் குழம்பில் எது எதற்காகச் சேர்கிறது என்றே எனக்கு விளங்க ஆரம்பித்தது.

சொந்தமாக ஒரு பிஸ்ட்ரோ, அதாவது பிரெஞ்சு பாணிச் சிறு உணவகம் என்றதும் புதுச்சேரிதான் மனதில் வந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இரண்டு சமையலும் இங்கே தலைமுறைகளாகப் பழகியவை. பிரெஞ்சு செஃப்கள் கொண்டாடும் வடுவான் மசாலாவே, வெங்காயமும் கடுகும் சேர்த்து உருட்டிக் காயவைக்கிற நம் தாளிப்பு வடகத்தின் வழி வந்ததுதான். பீட்சா மேல் செட்டிநாடு சிக்கனைக் கொட்டி ஃப்யூஷன் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் கடையில் முதலில் நிலைத்தது, வடகம் போட்ட பழுப்பு வெண்ணெயில் வஞ்சிரம். வடகத்தை நேராக வெண்ணெயில் தாளித்தால் கடுகு வெடிப்பதற்குள் வெண்ணெய் கருகிவிடும். அதனால் வடகத்தை நெய்யில் பொரித்துத் தனியே வைத்துக்கொள்வோம். வெண்ணெயை நுரை அடங்கி, வறுத்த வேர்க்கடலை நிறம் வரும்வரை உருக்கி, அதில் வடகத்தைச் சேர்ப்போம். எலுமிச்சைக்குப் பதில் கொஞ்சம் புளிக்கரைசல். அவ்வளவுதான்.

சரி, கடை வேலைக்கு வருவோம். இடம் பார்க்கப் போனால் வாசலை அப்புறம் பாருங்கள், முதலில் கொல்லைப்பக்கம் போங்கள். எக்ஸாஸ்ட் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக வழி இருக்கிறதா? த்ரீ ஃபேஸ் கரண்ட் கிடைக்குமா? கழிவுநீரில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிக்கு இடம் உண்டா? ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வரை பேசி முடித்துவிட்டு, குழாய்க்காகச் சுவரில் கை வைக்கக் கூடாது என்றார். அருமையான பழைய வீடு. விட்டுவிட்டு வந்தோம்.

வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், நகராட்சி வணிக உரிமம், தீயணைப்புத் துறை தடையில்லாச் சான்று, ஜிஎஸ்டி பதிவு என்று வரிசையாக நிற்கும். உணவு உரிமத்துக்குச் சமையலறை வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஊழியர்களின் மருத்துவச் சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும். தண்ணீரை முதலிலேயே ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அறிக்கை வர நாளாகும்.

ஜிஎஸ்டியில் ஒரு விஷயம். எங்களைப் போன்ற உணவகத்துக்கு வரி 5 சதவீதம்தான், ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஓவனுக்கும் எக்ஸாஸ்டுக்கும் கட்டிய 18 சதவீதம் திரும்பி வராது. கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போதே அதையும் செலவில் சேர்த்தேன். மாத வாடகையும், கரண்ட் பில்லும், சம்பளமும் போக மிஞ்ச வேண்டுமென்றால் தட்டுக்கான பொருள் செலவு விற்பனை விலையில் 30 சதவீதத்தை ஒட்டியே நிற்க வேண்டும். பெரிய மெனு வைத்தால் அது நடக்காது, பாதி காய்கறி ஃப்ரிட்ஜிலேயே வாடும்.

மெனுவை நாங்கள் அச்சடிப்பதில்லை, கரும்பலகையில்தான் எழுதுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை கையைக் கடிக்கும். அப்போது அதே வடக வெண்ணெயில் கோழித் தொடை போடுகிறோம். அதைக் கேட்டே வருகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள், தடை முடிந்த பிறகும் பலகையிலிருந்து எடுக்க முடியவில்லை.