கோபமில்லாத முகங்கள்

என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு தம்பியின் ஃபைலில், முதல் வருடம் நான் எழுதிய குறிப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. ‘வேலையில் ஆர்வமில்லை. பழகும் முறை சரியில்லை.’ அப்படி எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். அவருக்கு அப்போது 26 வயது. மனச்சிதைவு நோய். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. வேலை மட்டும் எங்கும் நிலைக்கவில்லை. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. மூன்று கடைகள் மாறிவிட்டார். “வர்றவங்ககிட்ட சிடுசிடுன்னு இருக்கானாம், பாதியில விட்டுட்டு உள்ள போயிடறானாம். மாத்திரை ஒழுங்காத்தான் சாப்பிடறான் மேடம், அப்புறம் ஏன் இப்படி?” என்று அவருடைய அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால் தம்பிக்கு அறிவுரை சொன்னேன். சிரித்த முகமாக இருங்கள், பொறுமையாகப் பேசுங்கள் என்று. ஒரு வருடம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு நாள், முகப் படங்களைக் காட்டி அதில் என்ன உணர்ச்சி என்று கேட்கும் ஒரு பயிற்சியை அவரோடு செய்து பார்த்தேன். நான் படித்த காலத்தில் எங்களுக்குக் காட்டப்பட்டவை அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1976-ல் வெளியிட்ட 110 கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாம் அமெரிக்க முகங்கள். நம் ஊர் ஆளிடம் அவற்றைக் காட்டி, தவறாகச் சொன்னால் அது நோயினாலா, முகம் பழக்கமில்லாததாலா என்று எப்படித் தெரியும்? பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் நாட்டு நடிகர்களை வைத்து, அசையும் படங்களும் அசையாப் படங்களுமாக ‘டிரெண்ட்ஸ்’ என்ற சோதனையை 2008-ல் வெளியிட்டது இந்தக் காரணத்தால்தான். அதில் இருப்பவை சந்தோஷம், வருத்தம், பயம், கோபம், வியப்பு, அருவருப்பு, இவற்றோடு எந்த உணர்ச்சியும் இல்லாத சாதாரண முகம். என்னிடம் இருந்தது முறையான சோதனை அல்ல, நம்மவர்களின் முகங்களாகப் பார்த்து நானே சேர்த்து வைத்திருந்த படங்கள்.

தம்பி சந்தோஷத்தைத் தவறாமல் சொன்னார். பயத்தை வியப்பு என்றார். அந்தக் குழப்பம் பலருக்கும் வரும். ஆனால் சாதாரண முகங்களில் பாதிக்கு மேல் ‘கோபம்’ என்றார். ஒரு படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “இவர் என்மேல கோபமா இருக்காரு” என்றார். கோபம் என்பதோடு நிற்கவில்லை, ‘என்மேல’.

ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். விலைச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடும்போது புருவம் சுருங்கும். கரையும் முந்தானையும் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது உதடு இறுகும். அதில் கோபமே இல்லை. அந்தத் தம்பிக்கோ, ஒரு நாளைக்கு நூறு பேர் தன்னை முறைத்துவிட்டுப் போவது போல இருந்திருக்கிறது. அவ்வளவு நேரம் யாரால் சிரித்த முகத்தோடு நிற்க முடியும்?

நெற்றிப்பொட்டுக்கு உட்பக்கமாக, மூளையில், இடமும் வலமும் பாதாம் பருப்பு போல ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். எதிரில் வருவது முக்கியமா, ஆபத்தா என்று சட்டென்று எடைபோடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, பயந்த முகத்தைப் பார்த்தால் அமிக்டலா மற்றவர்களுக்கு எழும்பும் அளவுக்கு எழும்பவில்லை என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. 2008-ல் வந்த எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அவர்களுக்குச் சாதாரண முகத்தைப் பார்க்கும்போதே அது கூடுதலாக எழும்பியிருக்கிறது. ஏற்கெனவே எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கும் வீட்டில், திருடன் வந்தாலும் வித்தியாசம் தெரியாது. குரல்களை அடக்கும் மாத்திரை இந்த மணியை அதிகம் தொடுவதில்லை. ‘மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி’ என்று அந்த அம்மா கேட்டதற்கு ஒரு வருடம் கழித்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

படங்களை எடுத்து வைத்துவிட்டு வழக்கம்போல ஃபைலில் எழுத ஆரம்பித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீங்க எழுதும்போதும் அப்படித்தான் இருக்கீங்க மேடம்.” ஒரு வருடமாக என் எதிரில் உட்கார்ந்திருந்தவர், நான் பேனாவை எடுத்த ஒவ்வொரு முறையும் நான் அவர்மேல் கோபப்படுவதாக நினைத்திருக்கிறார். அப்படியும் தவறாமல் வந்திருக்கிறார். அன்று என்னால் அதற்குமேல் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண் ஒருவர் உண்டு. அரிய நோய் ஒன்றில் அவருடைய இரண்டு அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. அவரால் பயந்த முகத்தை அடையாளம் காண முடியவில்லை என்று மூளை ஆய்வாளர் ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழுவினர் 1994-ல் எழுதினார்கள். 2005-ல் காரணம் தெளிவானது. அவர் முகத்தில் கண்களைப் பார்ப்பதே இல்லை. “கண்ணைப் பாருங்கள்” என்று சொன்னதும் பயத்தைச் சரியாகச் சொன்னார். அப்படிச் சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டார். அதைப் படித்த தைரியத்தில் தம்பியோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்தேன். கோபத்தில் புருவம் எப்படி இறங்குகிறது, கண் எப்படி இறுகுகிறது, யோசிக்கும்போது பார்வை எங்கே போகிறது என்று சேர்ந்து பார்த்தோம். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்ப்பதே பெரிய வேதனை. அவர்களை வற்புறுத்துவது கொடுமை.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்கிறோம். நரம்பியல் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டு வந்த ஒரு பெரியவரைப் பார்த்த பிறகு அந்தப் பழமொழியை என்னால் எளிதாகச் சொல்ல முடிவதில்லை. பார்க்கின்சன் நோய். அதில் கை நடுக்கம் எல்லோர் கண்ணிலும் படும். முகத் தசைகள் இறுகிப்போய் முகமூடி போட்டதுபோல ஆவதை யாரும் நோயாக நினைப்பதில்லை. “பேத்தி பிறந்தப்பகூட அப்பா சிரிக்கலை மேடம், எங்கமேல பாசமே போயிடுச்சு” என்று மகள் அழுதார். பெரியவர் மெல்லிய குரலில், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, “உள்ள சிரிச்சேன்மா” என்றார். அந்த மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. முன்மூளையைத் தாக்கும் ஒருவகை மறதி நோயில் ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருக்கும். மற்றவர் வலி தனக்குப் படுவது ஆரம்பத்திலேயே போய்விடலாம். மனைவி விழுந்து கிடக்கும்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒருவரை அழைத்து வருவார்கள். வீட்டில் அதற்குப் பெயர் திமிர். அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் குறைவு. அது அவர் வேண்டுமென்று செய்வதல்ல என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தம்பி விஷயத்தில் பயிற்சியைவிட அதிகம் உதவியது அவருடைய அம்மாதான் என்பது என் கணிப்பு. “உங்க முகத்தை அவர் ஊகிக்க வேண்டாம்மா, என்ன நினைக்கிறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க” என்றேன். முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. “உப்பு போட்டேனான்னு யோசிக்கிறேன்டா, கோபம் இல்லை” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாராம். நானும் “எழுதப் போறேன் தம்பி, கோபமில்லை” என்று சொல்லிவிட்டுத்தான் இப்போது பேனாவை எடுக்கிறேன். அவர் அதே ஊரில் வேறொரு கடையில், குடோனில் சரக்குப் பிரித்து அடுக்குகிறார். ஆட்கள் குறைவு. எட்டு மாதமாகப் போகிறார். கூட்டம் அதிகமான நாட்களில் மட்டும் மேலே கூப்பிடுகிறார்களாம்.

போன மாதம் வந்தபோது, அவர் உள்ளே வருவதற்குச் சற்று முன்புதான் போனில் ஒருவரோடு வாக்குவாதம் செய்து முடித்திருந்தேன். உட்கார்ந்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மேடம், இன்னைக்கு நிஜமாவே கோபமா இருக்கீங்களா?”

“ஆமா தம்பி. உங்கமேல இல்லை.”

“தெரியும் மேடம்” என்றார்.