போதுகின்றேன்: திருப்புகலூரில் ஒரு சித்திரைச் சதயம்

எங்கள் தமிழையா தை மாதம் சிவபதம் அடைந்தார். அவர் இல்லாமல் வந்த முதல் சித்திரைச் சதயத்துக்கு, அவரிடம் படித்த பதினோரு பேர் சேர்ந்து திருப்புகலூர் போய் வந்தோம். அப்பர் சுவாமிகள் இறைவன் திருவடி சேர்ந்த நாள், சேர்ந்த ஊர். வருஷம் தவறாமல் ஐயா எங்களைக் கூட்டிப்போன நாளும் அதுதான்.

நாங்கள் ஒன்பதாவது படித்த காலத்தில் சைக்கிளில் டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு போவோம். எங்கள் ஊர் நன்னிலம் பக்கம் என்பதால் தூரம் பெரிதாகத் தெரியாது. ஐயா முன்னால் போவார். வேட்டியை மடித்துக் கட்டி, கேரியரில் ஒரு களைக்கொட்டு, ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. இந்த முறை வேனில் போனோம். உளுந்தும் பயறும் எடுத்து முடித்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. முடிகொண்டான் ஆற்றில் மணல்தான். மேட்டூர்த் தண்ணீர் வர ஆனியாவது ஆகும். ஆனால் புகலூர்க் கோயிலைச் சுற்றிக் கிடக்கும் அக்னி தீர்த்தத்தைப் பார்த்ததும், முதன்முதல் பார்த்த அன்றைக்கு வந்த அதே குளிர்ச்சி மனசுக்குள் வந்தது. அகழி போலக் குளம், நடுவில் கோயில்.

அந்தக் கரையில்தான் முதல் வேலை. "சாமி கும்பிடுறதுக்கு முன்னாடி சாமி வீட்டைப் பெருக்கணும்" என்பார் ஐயா. அப்பர் உழவாரத்தால் புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்ததையும், அவர் அவற்றைப் புல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. அது நடந்தது இந்த ஊரில்தான். நாயுருவியும் பார்த்தீனியமும் பிடுங்கிக்கொண்டே ஐயா அந்தக் கதையைச் சொல்லும்போது, மாணவர்கள் நாங்கள் மண்ணுக்குள் ஏதாவது மின்னுகிறதா என்று தேடுவோம். இந்தத் தடவை ஐயாவின் களைக்கொட்டை அம்மா, அதாவது ஐயாவின் துணைவியார், எங்களிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் கை பட்டுப் பட்டு வழவழப்பான காம்பு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்துக்கொண்டோம். முறை முடிந்தும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

ஐயாவுக்கு இலக்கணம் வேறு, தேவாரம் வேறு கிடையாது. பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் நடத்திய அன்று கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். போதுகின்றேன். போது பகுதி, கின்று நிகழ்கால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை விகுதி. எழுதி முடித்துச் சாக்பீஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "எண்பத்தொரு வயசுல உடம்பை விடுற நேரத்துல அப்பர் பாடினது இது. 'உன் அடிக்கே போதுகின்றேன் பூம்புகலூர் மேவிய புண்ணியனே'. போனேன்னு சொல்லல, போவேன்னும் சொல்லல. ஏன்டா தம்பி?"

வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் விடை சொல்லவில்லை. சதயத்துக்குப் புகலூர் வந்தபோது எங்களைப் பூதேஸ்வரர், வர்த்தமானீஸ்வரர், பவிஷ்யேஸ்வரர் என்று மூன்று சந்நிதிகளுக்கும் அழைத்துப்போனார். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். முக்காலத்துக்கும் ஒரே கோயிலுக்குள் இடம் இருக்கிறது. மூன்றில் எதற்குப் பாடல் இருக்கிறது என்று கேட்டார். வர்த்தமானீச்சரத்துக்கு மட்டும் சம்பந்தர் பதிகம் இருக்கிறது. "நிகழ்காலம்!" என்று எங்களில் ஒருத்தி கத்தினாள். பிராகாரமே திரும்பிப் பார்த்தது. ஐயா முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை, பின்னால் நாங்கள் வாங்கிய எந்த மார்க்குக்கும் கண்டதில்லை. கத்தியவள் இப்போது தமிழாசிரியை. இந்த வருஷம் தன் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரையும் கூட்டி வந்திருந்தாள். வர்த்தமானீஸ்வரர் முன்னால் நின்று அவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

சம்பந்தர் அந்தப் பதிகத்தில் முருக நாயனாரைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். முருக நாயனார் இவ்வூர்க்காரர், பூப்பறித்து மாலை கட்டியே தொண்டு செய்தவர். அவர் மடத்தில்தான் சம்பந்தரும் அப்பரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் கூடியிருந்தார்கள். பெரிய பெரிய அடியார்களுக்கு நடுவில், மாலை கட்டுகிறவர் பெயரும் பாட்டில் ஏறியது. எங்கள் ஐயாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சாயங்காலமானால் அவர் வீட்டுத் திண்ணையில் பதினைந்து இருபது பிள்ளைகள் உட்கார்ந்து தேவாரம் படித்தோம். காசு வாங்கியதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதும் இல்லை. சுண்டல் மட்டும் உண்டு.

மூலவர் அக்னிபுரீஸ்வரர். அக்கினி தவம் செய்து வழிபட்ட தலம். இரண்டு முகம், ஏழு நாக்கு, மூன்று கால் என்று அக்கினியின் திருவுருவமே இங்கே இருக்கிறது. சுவாமிக்குக் கோணப்பிரான் என்றும் பெயர். லிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு எனக்கு எப்போதும் காது கொடுத்துக் கேட்பது போலவே தோன்றும். சுந்தரர் தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னானதும் இந்த ஊரில்தான். வீடு கட்டுகிறவர்கள் இன்றும் செங்கல் கொண்டுவந்து பூஜை செய்கிறார்கள். என் வீட்டுக்கும் அப்படித்தான் செய்தேன், ஐயா சொல்லி. அம்பாள் கருந்தார்குழலி சந்நிதியில் ஐயாவின் துணைவியாருக்காக அர்ச்சனை செய்தோம். எங்களுக்கு அவர் அம்மாதான்.

பிறகு அப்பர் சந்நிதி. அங்கே நாங்கள் பாடியது கடைசிப் பதிகம், 'எண்ணுகேன் என்சொல்லி எண்ணுகேனோ'. இந்தப் பாவகைக்குத் தாண்டகம் என்று பெயர். அதற்குத் தாளம் கிடையாது, மூச்சுதான் கணக்கு. எங்களுக்கு அந்தக் கணக்கு எப்போதும் ஐயாவின் வலது கை. கை மெல்ல உயரும், எல்லோரும் தொடங்குவோம். தணியும், நிறுத்துவோம். மார்கழியில் நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்தபடி இந்தப் பதிகத்தைத்தான் பாடச் சொன்னார். குரல் போய்விட்டிருந்தது. நான் மூன்றாம் பாட்டில் சொல் வராமல் நின்றேன். போர்வைக்குள்ளிருந்து அந்தக் கை கொஞ்சமாக உயர்ந்தது. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் அடுத்த சொல்லைப் பிடித்தேன்.

இப்போது உயர்த்த அந்தக் கை இல்லை. பதினோரு பேரும் பதினோரு விதமாகத் தொடங்கினோம். 'ஒண்ணுளே ஒன்பது வாசல் வைத்தாய், ஒக்க அடைக்கும்போது உணர மாட்டேன்' என்ற இடத்தில் பாதிப் பேருக்குக் குரல் அடைத்தது. அந்த நான்கு பிள்ளைகள்தான் விடாமல் இழுத்துப் போனார்கள். 'உன் அடிக்கே போதுகின்றேன்' வந்தபோது மறுபடி எல்லாக் குரலும் ஒன்றாக இருந்தன. பாட்டுக்குப் பாட்டு அதேபோல, நடுவில் சிதறி, அந்த அடியில் வந்து சேர்ந்தோம்.

இருட்டிய பிறகு ஊர் திரும்பி, விபூதியும் பூவும் கொடுக்க ஐயா வீட்டுக்குப் போனோம். அம்மா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். களைக்கொட்டை வாங்கி, ஒட்டியிருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, துடைக்காமல் அப்படியே சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.

"எல்லாரும் பாடினீங்களா தம்பி?"

"பாடினோம்மா."

"நீ மூணாம் பாட்டுல நிப்பேன்னு ஐயா சொல்றாங்களே."

"இன்னிக்கும் நின்னேன்மா" என்றேன்.