ஏழு வருடம் கழித்து ஒரு விசாரணை

லக்தர் பூமெதியன் நினைவாகவே இருக்கிறது. போஸ்னியாவில் செம்பிறைச் சங்கத்தில் (செஞ்சிலுவைச் சங்கம் போன்ற உதவி அமைப்பு) வேலை பார்த்தவர். சரயேவோ அமெரிக்கத் தூதரகத்தைத் தகர்க்கச் சதி என்று 2001இல் பிடித்தார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றமே விடச் சொல்லியும், 2002 ஜனவரியில் குவாண்டனாமோவில் இருக்கும் அமெரிக்க ராணுவச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தன்னை அடைத்து வைத்தது சரியா என்று நீதிமன்றத்தில் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைப் போடும் உரிமை அவருக்கு உண்டா? இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொன்னதே 2008 ஜூனில்தான். உண்டு என்று 5-4 தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி எதிர்ப்பக்கம் போயிருந்தால்? நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அப்புறம் நவம்பரில் நீதிபதி ரிச்சர்ட் லியோன் விசாரித்தார். அதற்குள் தூதரகச் சதிக் குற்றச்சாட்டை அரசே கைவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது, பெயர் சொல்லாத ஒரே ஒருவர் தந்த தகவல். விடுவிக்க உத்தரவிட்டார். 2009 மே மாதம் பூமெதியன் பிரான்ஸ் வந்து சேர்ந்தார். பிடிபட்டபோது சின்னக் குழந்தைகளாக இருந்த மகள்கள் அதற்குள் வளர்ந்திருந்தார்கள்.