ஜியாக்ரஃபி ஆப்ஷனல்: 54 மார்க் எங்கிருந்து வந்தது

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் ஃபைனல் லிஸ்டில் என் பெயர் இல்லை. இன்டர்வியூவில் போச்சு. முந்தாநாள் மார்க் ஷீட் வந்தது. ஜியாக்ரஃபி ஆப்ஷனலில், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடத்தில், போன முறை 500க்கு 217, இந்த முறை 271. அந்த 54 மார்க்கைப் பற்றி மட்டும்தான் நான் வாய் திறக்க முடியும். ரேங்க் வாங்கினவர்கள் அறிவுரைக்குப் பஞ்சமில்லை, அங்கே போய்க்கொள்ளுங்கள்.

போன முறை மெயின்ஸ் என்ற எழுத்துத் தேர்வுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு. இரண்டாம் தாள் முதல் கேள்வி, மேப்பில் பத்து இடத்துக்குப் புள்ளி வைத்து ஒவ்வொன்றுக்கும் 30 வார்த்தை எழுத வேண்டும், 20 மார்க். அதில் சாம்பர் ஏரி. உப்பு, பூநாரை, 1990ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது என்று எல்லாம் மனப்பாடம். புள்ளியை மட்டும் ஜெய்சல்மர் பக்கம் வைத்தேன். உப்பு என்றால் பாலைவனம்தானே என்று ஒரு கணக்கு! ஏரி கிடப்பதோ ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில். திருத்தியவர் புள்ளியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார், எழுதியதைத் தொடவே இல்லை. அதைப் பார்த்தும் திருந்தாமல் மெயின்ஸுக்குப் போனேன்.

இந்த முறை செய்தது ஒன்றுதான். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் தினமும் ஒரு இந்தியா, கையால். முதலில் 77½ டிகிரி தீர்க்கரேகை. லே, சிம்லா, டெல்லி, போபால், பெங்களூரு, கன்னியாகுமரி ஆறும் அதை ஒட்டியே தொங்கும், அரை டிகிரிக்கு மேல் விலகாது. குறுக்கே கடகரேகை, போபாலுக்குக் கொஞ்சம் மேலே வெட்டும். கீழே 13 டிகிரி: மங்களூரு, பெங்களூரு, சென்னை. இந்த மூன்று கோடு கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதிலிருந்து எத்தனை டிகிரி என்பதுதான். சாம்பர் நெடுக்குக் கோட்டுக்கு மேற்கே இரண்டரை டிகிரி. நான் வைத்தது ஆறுக்கும் மேலே. தங்கச்சி வெங்காயம் உரித்துக்கொண்டே பேர் சொல்லுவாள், நான் புள்ளி வைப்பேன். தப்பினால் மறுநாள் பாத்திரம் என் பங்கு.

20 மார்க்குக்கு இத்தனையா என்பீர்கள். புள்ளி சரியான இடத்தில் விழுந்த பிறகுதான் "ஏன் அங்கே" என்ற கேள்வியே எனக்கு வந்தது. தென்மேற்குப் பருவத்தில் மலைக்குக் கிழக்கே ஏன் காய்கிறது, சென்னை ஏன் ஐப்பசிக்குக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மற்றவை, சுருக்கமாக:

- மேப் கேள்வியின் 30 வார்த்தையில் இரண்டே விஷயம்: ஏன் அங்கே, அதனால் என்ன.
- அட்லஸை மாற்றாதீர்கள். பக்கத்தின் எந்த மூலையில் என்பதும் ஞாபகத்தில் நிற்கும்.
- கோட்பாட்டை ஊரில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் பொருளியலாளர் வான் துனன் 1826ல் வண்டிமாட்டுக் காலத்தில் எழுதியவர், காய்கறி நகரத்தை ஒட்டி விளையும் என்றார். ஒட்டன்சத்திரத்துக் காய் லாரியேறி கேரளா போகிறது. விமர்சனப் பத்தி தயார்.
- தமிழில் எழுதுகிறவர்களுக்கு: கேள்வி இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வரும். கலைச்சொல்லை ஹாலில் யோசிக்காதீர்கள், முன்பே ஒன்றை முடிவு செய்து அதையே எழுதுங்கள். எனக்குப் போன முறை இதிலேயே நேரம் போனது.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் டீக்கடையில்தான் போய் நிற்கும்.
- ஜெட் ஸ்ட்ரீம் (வானில் வெகு உயரத்தில் ஓடும் வேகக் காற்று) பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு முறையும் அந்தப் பக்கமே போகவில்லை.