ஹை டனல் மானியத்துக்கு அலைந்த கதை

ஈக்விப் என்பது பண்ணையில் மண், தண்ணீர் பாதுகாப்பு வேலைகளுக்கு அமெரிக்க மத்திய அரசு தருகிற மானியத் திட்டம். அதில் என் ஒப்பந்தம் ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வட கரோலினாவில் சில ஏக்கர் வாங்கிப் போட்டுவிட்டு, உதவியை எங்கே போய்க் கேட்பது என்று முழிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மானியம் என்றதும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அரசு அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். அங்கே உதட்டைப் பிதுக்குவார்கள். இது மத்திய வேளாண் துறையின் (யுஎஸ்டிஏ) வேலை. 'யுஎஸ்டிஏ சர்வீஸ் சென்டர்' என்று தேட வேண்டும். சில இடங்களில் இரண்டு மூன்று கவுண்டிக்குச் சேர்த்தே ஒன்றுதான் இருக்கும். ஃபார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் கவுண்டி பெயரைப் போட்டால் முகவரி வந்துவிடும். போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். மண் பார்க்கிற ஆள் பாதி நாள் யாருடைய வயலிலாவது இருப்பார்.

உள்ளே இரண்டு பிரிவு. கடன், பேரிடர் இழப்பீடு, நிலத்தைப் பயிரிடாமல் விட்டுவைக்கப் பணம் தருகிற சிஆர்பி எல்லாம் எஃப்எஸ்ஏ என்ற பிரிவு. மண், தண்ணீர் பாதுகாப்பும் ஈக்விப்பும் என்ஆர்சிஎஸ் என்ற பிரிவு. ஆனால் முதல் பிரிவில் பண்ணை எண் வாங்காமல் இரண்டாவது பிரிவில் விண்ணப்பம் நகராது. இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

நான் கேட்டது ஒரு ஹை டனல், அதாவது வளைவுக் குழாய்களின் மேல் பிளாஸ்டிக் போர்த்திய, உள்ளே பயிர் செய்கிற கூடாரம். பனி விழுவதற்கு முன்னும் பின்னும் சில வாரம் கூடுதலாகக் கத்தரியும் வெண்டையும் எடுக்கலாமே என்றுதான். முகப்பில் இருந்தவர் நிலத்தின் அளவைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் பெரிய பண்ணைகளுக்கு" என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நம்பாதீர்கள். ஈக்விப்புக்குக் குறைந்தபட்ச ஏக்கர் என்று எதுவும் கிடையாது. அடுத்த முறை 'ரிசீட் ஃபார் சர்வீஸ்' கேட்டேன். என்ன கேட்டோம், என்ன பதில் சொன்னார்கள், எந்தத் தேதி என்று எழுதித் தர வேண்டும் என்பது 2014 வேளாண் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும் பேச்சின் தொனியே மாறியது. உட்காரச் சொன்னார்கள், உள்ளேயிருந்து வேறொருவர் வந்தார், ஏடி-1026, சிசிசி-902 போன்ற தகுதிப் படிவங்கள் எல்லாம் மளமளவென்று முடிந்தன.

என்னைக் கவிழ்த்தது பெயர். நிலம் வாங்கியபோது பத்திரம் தயாரித்த வக்கீல் அலுவலகம் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தது. பண்ணைப் பதிவும் பத்திரத்தில் உள்ளபடியே ஏறிவிட்டது. சிசிசி-941 என்பது வருமான வரம்புக்கான படிவம். மூன்று வருட சராசரி வருமானம் பொதுவாக 9 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. நம்மில் பலருக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் அந்தப் படிவம் வரித் துறைக்குப் போய்ச் சரிபார்க்கப்படும். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது, அதற்குள் அந்தச் சுற்றின் கடைசித் தேதியும் போனது. விண்ணப்பத்தை வருடம் முழுக்க வாங்குவார்கள், ஆனால் அவற்றைத் தரவரிசைப்படுத்த ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுதான். வக்கீலிடமே திருத்த அஃபிடவிட் வாங்கிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. பத்திரம், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, வரிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் உள்ள நம் பெயர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இன்னொன்று. டனல் விற்கிறவர், "முதலில் டனலை நிறுத்திவிடுங்கள், மானியம் பின்னால் வரும்" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. முன்கூட்டியே விலக்கு வாங்கியிருந்தால்தான் தப்பலாம். டனலுக்குள் தொட்டிச் செடி வளர்த்தாலும் இந்த மானியம் பொருந்தாது, செடிகளை மண்ணில்தான் நட வேண்டும்.

விவசாயத்துக்கு வந்து 10 வருடத்துக்குள் என்றால் 'பிகினிங் ஃபார்மர்' கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். மானியம் கூடுதல் விகிதத்தில் கிடைக்கும், பாதித் தொகையை முன்பணமாகவும் கேட்கலாம். இல்லாவிட்டால் வேலை முடித்து, அவர்கள் வந்து அளந்த பிறகுதான் காசு. வருகிற தொகைக்கு 1099-ஜி என்ற வரிப் படிவம் வரும், வரிக்கு எடுத்து வையுங்கள். மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு பைசா செலவில்லை.