மூன்று மேசைக்கும் ஒரே பெட்டி

"அக்கா, ஹைலைட்ஸ் எந்த டிஸ்க்ல இருக்கு?"

போன வைகாசி வரைக்கும் தினமும் என் காதில் விழுந்த கேள்வி இதுதான். கும்பகோணத்தில் அப்பா ஆரம்பித்த வீடியோ ஸ்டுடியோவை இப்போது நான் நடத்துகிறேன். மாடியில் மூன்று எடிட்டிங் மேசைகள். கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம், எப்போதாவது ஒரு கும்பாபிஷேகம். ஃபுட்டேஜ் எல்லாம் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். டீசர் வெட்டுகிற தம்பி முடித்ததும் கழற்றி ஹைலைட்ஸ் மேசைக்குக் கொடுப்பான். அங்கிருந்து முழு நீள வீடியோ மேசைக்குப் போகும். ஒரே கல்யாணத்துக்கு மூன்று டிஸ்க்கில் மூன்று காப்பி, எது கடைசிக் காப்பி என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

வைகாசியில் ஒரு டிஸ்க் கீழே விழுந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது சக்கரத்தில் கேபிள் சிக்கி இழுத்துவிட்டது. மறுபடி செருகினால் டிக்... டிக்... டிக்... என்று மட்டும் சத்தம். காதை வைத்துக் கேட்டேன். கை நடுங்கியது. உள்ளே இருந்தது முந்தின நாள் எடுத்த கல்யாணம், மூன்று கேமராவும். கேமராக்களில் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற மாதிரி வைத்திருந்தோம். இரண்டாவது கார்டுகளை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை. அதனால் தாலி கட்டு பிழைத்தது. ட்ரோனில் எடுத்த மாப்பிள்ளை அழைப்பு போனது போனதுதான். பெண் வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை. "சரிம்மா, மத்ததாவது இருக்கே" என்றார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அந்த ஒரு மாதத்துக்குள் இதற்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாஸ் என்கிற பொது ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று மேசையும் நெட்வொர்க் வழியாக அதிலிருந்தே எடுக்கிற மாதிரி வைப்பது என்று திட்டம்.

முதலில் கணக்கு. நாங்கள் எடுப்பது 4கே, 25 ஃப்ரேம், நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்). மூன்று கேமராவையும் மல்டிகேம் டைம்லைனில் ஒன்றாக ஓட்டினால் 37.5. மூன்று மேசையிலும் ஒரே நேரத்தில் ஓடினால் 112.5. சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் நிஜத்தில் கிடைப்பது நொடிக்கு 110 எம்பி சுற்றுவட்டாரம்தான். விளிம்பு வரை நிரம்பிய டம்ளரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது போல. ஸ்லோமோஷனுக்காக 50 ஃப்ரேமில் எடுத்தது 200 மெகாபிட். அது நடுவில் வந்தால் வழிந்துவிடும். அதனால் 2.5 கிகாபிட் என்று முடிவு செய்தேன். அதில் 280 வரை வரும். 10 கிகாபிட் இன்னும் வேகம், ஆனால் ஸ்விட்ச், கார்டு எல்லாமே விலை கூடும், சூடும் கூடும். எங்கள் வேலைக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்தது, ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே பதிகிற எஸ்எஸ்டியா. காசு என்று பார்த்தால் ஹார்ட் டிஸ்க்தான். ஒரு டெராபைட்டுக்கு எஸ்எஸ்டி பல மடங்கு விலை. நேராக ஒரே ஃபைலைப் படித்தால் நல்ல ஹார்ட் டிஸ்க்கும் நொடிக்கு 200 எம்பி கொடுக்கும். சிக்கல் அங்கே இல்லை. மூன்று பேர், ஆளுக்கு மூன்று கேமரா, மொத்தம் ஒன்பது ஃபைல் ஒரே நேரத்தில். சுழலும் தட்டில் முள் ஒவ்வொரு இடமாகத் தாவ வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் பத்து மில்லி செகண்ட் போல ஆகும். பந்தியில் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஒன்பது வரிசைக்கும் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். வாளி நிறையத்தான் இருக்கிறது, ஓடுவதிலேயே நேரம் போகிறது. எஸ்எஸ்டியில் ஓட்டமே இல்லை, எந்த இலைக்கும் உடனே விழும். டைம்லைனில் எங்கே கிளிக் செய்தாலும் படம் நிற்காமல் வருவது அதனால்தான். இதற்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

திருச்சியில் இருக்கும் நண்பர் ஒருவர், இதே தொழில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ட்ரூநாஸ் என்ற நாஸ் சாஃப்ட்வேரைப் போட்டு, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் முறையில் வைத்திருக்கிறார். அருமையாக ஓடுகிறது. "நானே வந்து போட்டுத் தரேன்மா" என்றார். ரொம்ப யோசித்துத்தான் வேண்டாம் என்றேன். முகூர்த்த நாளில் காலை நாலரைக்கு நான் மண்டபத்தில் இருப்பேன், போன் சைலன்ட்டில் இருக்கும். அந்த நேரம் மாடியில் ஏதாவது நின்றால் அங்கே இருக்கிற பையன் தானாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: பச்சை விளக்கு எரிகிறதா, கேபிள் செருகியிருக்கிறதா, எந்த ஃபோல்டர். இதற்கு மேல் ஒன்று தெரிய வேண்டியிருந்தால் அந்தப் பெட்டி எங்களுக்கு ஆகாது. மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வந்தது.

வாங்கியது அசஸ்டர் கம்பெனியின் ஃப்ளாஷ்ஸ்டோர் 6 என்ற நாஸ் பெட்டி. எம்.2 என்கிற குச்சி மாதிரி எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் ஆறு, 2.5 கிகாபிட் போர்ட் இரண்டு. பன்னிரண்டு ஸ்லாட்டும் 10 கிகாபிட் போர்ட்டும் உள்ள அதன் அண்ணனும் உண்டு. ஒரு கல்யாணம் எங்களுக்கு அரை டெராபைட்டைத் தாண்டும். சீசனில் பன்னிரண்டு, பதினாலு கல்யாணம் கையில் இருக்கும். ஆக ஏழு டெராபைட்டாவது வேண்டும். 4 டெராபைட் எஸ்எஸ்டி நாலு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே டிஸ்க் போல இணைக்கிற ரெய்டு 5 முறையில் போட்டேன். நாலில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது, கணக்குக்கு 12 டெராபைட் கிடைக்கும், கம்ப்யூட்டர் எண்ணும் விதம் வேறு என்பதால் திரையில் 10.9 என்று காட்டும். மீதி இரண்டு ஸ்லாட் காலி. அடுத்த வருஷம் ஒன்று சேர்க்கலாம்.

எஸ்எஸ்டி வாங்கும்போது எல்லோரும் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற வேகத்தைப் பார்க்கிறார்கள். வெளியே போகிற குழாயே 280 என்றால் 7,000 வேகம் எதற்கு? வேகம் குறைந்த பழைய தலைமுறையான ஜென் 3 தாராளமாகப் போதும். பார்க்க வேண்டியது அது டிஎல்சியா க்யூஎல்சியா என்பது, அதாவது ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கிறதா நாலு பிட் வைக்கிறதா என்பது. க்யூஎல்சி விலை குறைவு, ஆனால் நீளமாக எழுதினால் மூச்சு வாங்கும். உதாரணத்துக்கு சாம்சங் 870 க்யூவிஓ 4 டெராபைட்டைப் பாருங்கள். நொடிக்கு 500 எம்பிக்கு மேல் எழுதும் என்றுதான் இருக்கும். 78 ஜிபி எழுதி முடித்ததும் அது 160க்கு இறங்கிவிடும் என்று அவர்களுடைய விவரத்தாளிலேயே போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. நாங்களோ மண்டபத்திலிருந்து வந்ததும் ஒரே மூச்சில் 500 ஜிபி கொட்டுகிறவர்கள். ஆயுளும் பாருங்கள்: அதே 4 டெராபைட்டில் க்யூவிஓவுக்கு 1,440 டெராபைட் எழுத உத்தரவாதம், டிஎல்சியான 870 ஈவிஓவுக்கு 2,400. நான் டிஎல்சிதான் வாங்கினேன்.

மாட்டியது ஆல்பம் டிசைன் செய்கிற மேசையில். துணி விரித்து, பெட்டியைக் கவிழ்த்து, அடி மூடியைத் திறந்தோம். ஸ்டிக் ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், சூயிங்கம் மாதிரி. சாய்வாகச் செருகினால் வால் தூக்கிக்கொண்டு நிற்கும்; மெல்ல அமுக்கிப் பூட்ட வேண்டும். டீசர் தம்பிதான் நாலையும் மாட்டினான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "இவ்ளோதானா அக்கா?" என்றான். அவ்வளவுதான்.

கேபிள் மாற்ற வேண்டியிருக்கும் என்று பயந்தேன். கட்டடம் கட்டும்போது போட்டது கேட் 5ஈ வகை நெட்வொர்க் கேபிள், 2.5 கிகாபிட்டுக்கு நூறு மீட்டர் வரை அதுவே போதும், எங்களுக்கு அதிகபட்சம் பன்னிரண்டு மீட்டர். ஆனால் மூன்றாவது மேசையில் மட்டும் நொடிக்கு 11 எம்பிதான் வந்தது. அரை நாள் சாஃப்ட்வேரையே குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் சுவர் முனையில் பிளக்கை அழுத்திப் பூட்டிய (கிரிம்ப் செய்த) இடத்தில் ஒரு வயர் தொடவில்லை. எட்டு வயரும் சரியாக இருந்தால்தான் கிகாபிட். நாலு மட்டும் இருந்தால் சத்தம் போடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். முனையை வெட்டிப் புதிதாக அடித்ததும் 280. உங்களுக்கும் 11 என்று வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

யூபிஎஸ் இல்லாமல் இந்தப் பெட்டியை ஆன் செய்யாதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டிகளில், கரண்ட் போன கணத்தில் கையில் இருக்கும் டேட்டாவை எழுதி முடிக்கிற கெப்பாசிட்டர் இருக்காது. யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு யூஎஸ்பி ஒயரைப் பெட்டியில் செருகினால், பேட்டரி இறங்கும்போது அதுவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மாதாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துகிற நாளில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இணையத்துக்கு இதைத் திறந்துவிடவும் இல்லை. 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ்), வெளியிலிருந்து தொடும்படி வைத்திருந்த நாஸ் பெட்டிகளாகத் தேடிப் பிடித்துப் பூட்டியது. கஸ்டமருக்கு அனுப்புவதை நாங்கள் தனியாக அப்லோடு செய்து லிங்க் கொடுக்கிறோம்.

மூன்று கம்ப்யூட்டரிலும் அந்தப் பெட்டி இசட் டிரைவாகத் தெரியும். எடிட்டிங்கின்போது தற்காலிகமாக உருவாகும் கேஷ் ஃபைல்கள் மட்டும் அவரவர் கம்ப்யூட்டரில். எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரில், பலர் சேர்ந்து வேலை செய்வதற்கான புரொடக்ஷன் முறையில் திறப்பதால், ஒருவர் வேலை செய்கிற ப்ராஜெக்டில் மற்றவருக்குச் சிவப்புப் பூட்டு தெரியும். ஃபோல்டர் பெயர் தேதி, மண்டபம், பெண் பெயர், மாப்பிள்ளை பெயர். அப்பா விஎச்எஸ் கேசட் முதுகில் நீல மைப் பேனாவால் எழுதிய அதே வரிசை.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெட்டி வந்து மூன்றாவது வாரம், இடம் காலி செய்கிறேன் என்று ஒரு நிச்சயதார்த்த ஃபோல்டரையே ஒருவர் அழித்துவிட்டார். ரெய்டு அந்த அழிப்பையும் நாலு டிஸ்க்கிலும் ஒழுங்காகச் செய்து முடித்தது. பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் முறையில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) தினமும் இரவு எடுக்கும்படி வைத்திருந்ததால் இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்தது. அது போக, டெலிவரி முடிந்த கல்யாணம் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். ஒன்று ஸ்டுடியோ பீரோவில், ஒன்று வீட்டில். நிறைய எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியைக் கரண்ட் இல்லாமல் பீரோவில் போட்டுவைத்தால் மெல்ல மெல்ல மறந்துவிடும். வருஷக்கணக்கில் வைத்திருக்க ஹார்ட் டிஸ்க்தான்.

ஆவணியின் முதல் முகூர்த்தம் முடிந்து மதியம் மூன்று மணிக்கு வந்தோம். கார்டுகளைச் செருகிவிட்டுக் கீழே சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது காப்பி முடிந்து, சரிபார்ப்பும் முடிந்து, மூன்று திரையிலும் அதே மணமேடை: ஒன்றில் கெட்டிமேளம், ஒன்றில் ஊஞ்சல், ஒன்றில் பெண்ணின் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா மாடியேறி வந்து பெட்டியைப் பார்த்தார். "இரண்டாவது காப்பி எங்க?" என்றார். பீரோவைத் திறந்து காட்டினேன்.