ட்ரொனில் வந்த யூஎஸ்டிடியை ஆர்பிட்ரமுக்குக் கொண்டுபோன கதை

நான் உப்புவெளியில் இருந்துகொண்டு ஹோட்டல்களுக்கும் டைவிங் நிலையங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பவன். வெளிநாட்டுக் கிளையன்ட் ஒருவர் இந்தமுறை யூஎஸ்டிடியில்தான், அதாவது ஒன்று ஒரு டொலருக்குச் சமமாக ஓடும் கிரிப்டோ நாணயத்தில்தான், காசு தருவேன் என்றார், அதுவும் ட்ரொன் என்ற பிளொக்செயின் வலையமைப்பில். வேலையில் பாதியைச் செய்தவன் மட்டக்களப்பில் இருக்கும் என் சித்தியின் மகன். அவன் பங்கு அவனுக்கு ஆர்பிட்ரம் என்ற வேறொரு வலையமைப்பில், யூஎஸ்டிசி என்ற இன்னொரு டொலர் நாணயமாக வேண்டும். அவன் வாடகைக்கு எடுத்திருக்கும் சேர்வர்காரர்கள் அதைத்தான் வாங்குகிறார்களாம். “அண்ணா, அப்படியே அனுப்பி விடுங்கோ, ரெண்டும் டொலர்தானே” என்றான்.

ரெண்டும் ஒவ்வொரு டொலர் பெறுமதிதான். ஆனால் அப்படியே போகாது. ட்ரொனில் என்னிடம் இருப்பது ட்ரொனின் பேரேட்டில் எழுதியிருக்கும் ஒரு கணக்கு. ஆர்பிட்ரம் எத்தீரியம் என்ற இன்னொரு வலையமைப்பின் மேல் கட்டப்பட்டது. ட்ரொனின் பேரேட்டை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முகவரியின் வடிவமே வேறு. ட்ரொன் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 34 எழுத்து வரும். எத்தீரியம் வகை முகவரி ‘0எக்ஸ்’ என்று தொடங்கி 42 எழுத்து. ஒன்றை மற்றதில் ஒட்டினால் வொலட், அதாவது நாணயத்தை வைத்திருந்து அனுப்பும் செயலி, உடனே மறுத்துவிடும். அதனால் இந்த இரண்டுக்கும் இடையில் கைதவறிப் போவது குறைவு. எத்தீரியம், பொலிகன், பிஎன்பி செயின், ஆர்பிட்ரம் என்று ஒரே முகவரி எல்லாவற்றிலும் செல்லுபடியாகும் இடத்தில்தான் பயப்பட வேண்டும். அங்கே வலையமைப்பைத் தவறாகத் தெரிவு செய்தாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். சொந்த வொலட் என்றால் அதே சாவியைக் கொண்டு மற்ற வலையமைப்பில் போய் எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச், அதாவது நாணயங்களை வாங்கி விற்று மாற்றித் தரும் நிறுவனம், கொடுத்த முகவரி என்றால் அவர்கள் மனது வைத்தால்தான் உண்டு.

ஆக, கடப்பது என்பது நடுவில் யாரோ ஒருவரிடம் இதைக் கொடுத்து அங்கே வேறொன்றை வாங்குவது. அந்த நடுவர் யார் என்பதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

முதலில் பார்த்தது ஒரு வலையமைப்பில் இருந்து மற்றதற்குக் காசைக் கடத்தும் பிரிட்ஜ் சேவைகள். பழைய மாதிரிப் பிரிட்ஜ் உங்கள் காசை இந்தப் பக்கம் பூட்டிவைத்து, அந்தப் பக்கம் அதற்கு ஈடாக ஒரு டோக்கன் தரும். அடகுக்கடைத் துண்டு மாதிரி: கடை உடைக்கப்பட்டால் கையில் இருப்பது வெறும் கடதாசி. 2022 பெப்ரவரியில் வேர்ம்ஹோல் பிரிட்ஜில் 32 கோடி டொலர் அளவு திருட்டுப் போனது. அடுத்த மாதமே ரோனின் பிரிட்ஜில் 60 கோடிக்கு மேல். வேர்ம்ஹோலில் போனதை அதன் பின்னால் இருந்த பெரிய நிறுவனம் போட்டு நிரப்பியது. எல்லாருக்கும் அப்படி ஒரு பின்பலம் வாய்க்காது.

யூஎஸ்டிசியை வெளியிடும் சேர்க்கிள் நிறுவனமே 2023இல் கொண்டுவந்த முறை இதைவிடச் சுத்தம். இங்கே டோக்கனை எரித்துவிட்டு அங்கே புதிதாக அச்சடிப்பார்கள், பூட்டிவைக்க நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் சேர்க்கிள் 2024 பெப்ரவரியில் ட்ரொனில் யூஎஸ்டிசி வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. என்னிடம் இருப்பதோ யூஎஸ்டிடி. அந்த வழி எனக்கு உதவாது.

மிஞ்சியது எக்ஸ்சேஞ்ச். அடையாள அட்டை கொடுத்து ஏற்கனவே சரிபார்த்து வைத்திருந்த கணக்கு ஒன்று இருந்தது. அதிலே ட்ரொன் வழியாக யூஎஸ்டிடியைப் போட்டு, உள்ளே யூஎஸ்டிசியாக மாற்றி, ஆர்பிட்ரம் வழியாக வெளியே எடுப்பது என்று முடிவு செய்தேன். எக்ஸ்சேஞ்சும் இன்னொருவர் கைதான். அதனால் உள்ளே போன காசு அங்கே தங்கக்கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று, இலங்கை மத்திய வங்கி இந்த நாணயங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறது. வங்கி அட்டையால் இவற்றை வாங்கவும் அனுமதி இல்லை. ஏதாவது நடந்தால் இங்கே போய் முறையிட ஒரு கதவும் கிடையாது என்று எண்ணிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

அனுப்புவதற்கு முன்னர் வொலட்டில் கொஞ்சம் ட்ரொன் நாணயம், அதாவது டிஆர்எக்ஸ், இருக்க வேண்டும். யூஎஸ்டிடி எவ்வளவு இருந்தாலும் கட்டணம் டிஆர்எக்ஸில்தான் போகும். பெறும் முகவரியில் யூஎஸ்டிடி முன்பே இருந்தால் கட்டணம் ஒரு அளவு, வெறும் முகவரி என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. எக்ஸ்சேஞ்ச் எனக்குத் தந்தது புது முகவரி, ஆகவே முதல் முறைக்கு இரட்டிப்பாகவே வெட்டியது.

முதலில் 10 டொலர் மட்டும் அனுப்பினேன். ட்ரொனில் மூன்று செக்கனுக்கு ஒரு பிளொக், அதாவது ஒரு பதிவுத் தொகுதி. ஒரு நிமிடம் அளவில் உறுதியாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் வந்து விழுந்ததையும் பார்த்தேன். சரி, மிச்சத்தை அனுப்புவோம் என்று வொலட்டின் பழைய பட்டியலைத் திறந்தால், நான் அனுப்பிய வரிக்கு மேலே புதிதாக ஒரு வரி. தொகை பூச்சியம். முகவரியின் கடைசி நான்கு எழுத்தும் நான் அனுப்பிய முகவரியின் அதே நான்கு எழுத்து. வொலட் நடுப்பகுதியைப் புள்ளி போட்டு மறைப்பதால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரிந்தன. ட்ரொனின் பதிவுகளைக் காட்டும் ட்ரொன்ஸ்கேன் தளத்தில் முழுதாகத் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு எழுத்தும் பொருந்தவில்லை. ஒருவன் முகவரிகளை இலட்சக்கணக்கில் உருவாக்கி, நம்முடையதைப் போல முடிவதைத் தெரிந்தெடுத்து, நம் பட்டியலுக்குள் சொருகிவிடுகிறான். அடுத்தமுறை அவசரத்தில் பட்டியலில் இருந்து பிரதி எடுப்போம் என்று காத்திருப்பது. சோதனைக்குச் சிறு தொகை அனுப்புங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சோதனையே இவனைக் கூட்டிவரும் என்று சொல்வோர் குறைவு. முகவரியை மறுபடியும் எக்ஸ்சேஞ்சின் வைப்புப் பக்கத்தில் இருந்தே எடுத்து, நடுவில் ஐந்தாறு எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபிறகுதான் மிச்சத்தை அனுப்பினேன்.

உள்ளே மாற்றுவது ஒரு நிமிட வேலை. வெளியே எடுக்கும்போது வலையமைப்புப் பட்டியலில் ஆர்பிட்ரம் வன் என்று இருந்தது. அங்கே இரண்டு யூஎஸ்டிசி உண்டு: சேர்க்கிள் நேரடியாக வெளியிட்டது ஒன்று, பழைய பிரிட்ஜ் வழியாக வந்த யூஎஸ்டிசி.இ என்பது மற்றது. சேர்வர்காரர்கள் எதை ஏற்பார்கள் என்று தம்பியைக் கேட்கச் சொன்னேன். நேரடியானதை மட்டும்தானாம். எந்த யூஎஸ்டிசி என்று அடையாளம் காட்டும் ஒப்பந்த முகவரியை சேர்க்கிளின் தளத்தில் எடுத்து, ஆர்பிட்ரமின் பதிவுகளைக் காட்டும் ஆர்பிஸ்கேனில் ஒப்பிட்டோம். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அமத்துவது இந்த விஷயத்தில் சரிவராது, போலித் தளங்கள் அங்கேதான் காத்திருக்கின்றன.

இங்கேயும் முதலில் சிறு தொகை. அது போயிற்று. பெரிய தொகையை எக்ஸ்சேஞ்ச் “பரிசீலனையில்” என்று நிறுத்திவைத்தது. காரணம் சொல்லவில்லை. இடையில் டெலிகிராமில் “உதவிப் பிரிவு” என்று ஒருவர் தானாக வந்து வொலட்டின் இரகசியச் சொற்களைக் கேட்டார். அவரை அப்படியே தடுத்துவிட்டேன். அடுத்த நாள் மத்தியானம் எக்ஸ்சேஞ்ச் தானே காசை விட்டது.

தம்பியின் முகவரியில் யூஎஸ்டிசி வந்துவிட்டது, ஆனால் அதை அங்கிருந்து நகர்த்த எத்தீரியத்தின் நாணயமான ஈதர் கொஞ்சம் வேண்டும், ஆர்பிட்ரமில் கட்டணம் அதில்தான். சில சதம்தான், ஆனால் அந்தச் சதம் இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான டொலரும் அசையாது. நான் முன்கூட்டியே இரண்டு டொலர் அளவு ஈதரை அதே வலையமைப்பில் அனுப்பி வைத்திருந்தேன். அவன் “இது என்னத்துக்கு அண்ணா” என்று அப்போது கேட்டான், பிறகு கேட்கவில்லை.

வேலை முடிந்தபின் கிளையன்டிடம், அடுத்தமுறை ஆர்பிட்ரமிலேயே யூஎஸ்டிசியாக அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். தாராளமாக முடியும், இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.